அவித்த மாவின் கணக்கு

நல்லூரில் கொடி ஏறினால் 25 நாட்களுக்குப் பல வீடுகளில் மீன்சட்டிக்கு ஓய்வு. கனடாவிலும் சுவிசிலும் பிறந்த பேரப்பிள்ளைகள் யாழ்ப்பாணம் வந்து இறங்குவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். காலையில் இடியப்பமும் சொதியும், இரவில் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் என்று இரண்டு மூன்று நாள் போகும். பிறகு பிள்ளை கேட்கும்: "அம்மம்மா, பாஸ்தா இல்லையோ?" அம்மம்மா பதிலுக்கு ஒரு கேள்வியைத்தான் போடுவார்: "அந்த மாவிலை என்ன சத்துக் கிடக்கு?" பிள்ளைக்கு அதற்குப் பதில் தெரியாது. அம்மம்மாவும் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. இடியப்பம் சத்து, பாஸ்தா சக்கை என்பது எங்கள் வீடுகளில் எப்போதோ தீர்ப்பாகிவிட்ட வழக்கு. அந்த வழக்கை மறுபடி விசாரித்தால் தீர்ப்பு மாறும் என்றே எனக்குப் படுகிறது. அம்மம்மாக்களுக்கு அது உவப்பாக இராது.

முதலில் பக்கற்றின் பின்பக்கத்தைப் பார்ப்போம். காய்ந்த பாஸ்தா 100 கிராமில் 350 முதல் 370 வரை கலோரி, 12 அல்லது 13 கிராம் புரதம், 70 கிராமுக்குச் சற்று மேல் மாச்சத்து, ஒன்றரைக் கிராம் கொழுப்பு. வெள்ளை அரிசிமா 100 கிராமிலும் கலோரி 360 சொச்சம்தான். ஆனால் புரதம் 6 கிராமைத் தாண்டாது, மாச்சத்து 80 கிராமைத் தொடும். சிவப்பரிசி மாவில் புரதம் ஒரு கிராம் கூடலாம். தவிடு எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவுக்கு நார்ச்சத்தும் கூடும். இத்தாலியின் எமிலியா ரொமாஞ்ஞா பகுதியில் வீட்டில் பாஸ்தா பிசைபவர்கள் 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்ற கணக்கை வைத்திருக்கிறார்கள். அதைத் தட்டில் போட்டுப் பார்த்தால் 435 கலோரி, 16 கிராம் புரதம். அரிசிமா இடியப்பத்தின் புரதம் இதில் பாதிக்குக் கிட்டவும் வராது.

ஆக, எண்களின்படி பாஸ்தாவுக்கே வெற்றி. ஆனால் இந்த எண்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது. புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9, மாச்சத்துக்கு 4 என்று கிராமுக்குக் கலோரி போடும் முறை 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கரான வில்பர் அட்வாட்டர் வகுத்தது. இன்றைக்கும் உலகத்துப் பக்கற்றுகளின் முதுகில் எழுதப்படுவது அந்த வாய்ப்பாடுதான். ஓர் உணவிலிருந்து உடலுக்கு எவ்வளவு எரிபொருள் கிடைக்கும் என்று அது சொல்லும். எவ்வளவு வேகத்தில் கிடைக்கும் என்று சொல்லாது. பல வீடுகளில் சலரோகக் குளிசை இருக்கிற எங்கள் ஊர்களில், எனக்கு முக்கியமாகப் படுவது வேகம்தான்.

அந்த வேகத்தை அளக்க ஒரு வழி 1981 இல் வந்தது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர், சாப்பிட்ட பின் இரத்தச் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்பதை வைத்து உணவுகளுக்கு ஒரு சுட்டெண் கொடுத்தார்கள். குளுக்கோஸ் 100 என்றால் மற்றவை எவ்வளவு என்ற கணக்கு. அடுத்த சில ஆண்டுகளில் எங்களவர்கள் ஆயிரக்கணக்கில் குடியேறப்போகும் நகரத்தில் அந்தச் சுட்டெண் பிறந்தது தற்செயல்தான். என்றாலும் அது எங்களுக்கென்றே பிறந்தது போல எனக்குத் தோன்றுவதுண்டு. அந்தக் கணக்கில் வெள்ளைப் பாணுக்கு 75 அளவில் வருகிறது. ஸ்பகெற்றிக்கு 50 அளவுதான். இரண்டும் கோதுமை. இரண்டும் தவிடு நீக்கிய மா. கலோரியிலும் பெரிய வேறுபாடு கிடையாது. பிறகு ஏன் இந்த இடைவெளி?

காரணம் மாவில் இல்லை. அதைக் கையாண்ட விதத்தில் இருக்கிறது. கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்ததும் அதன் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் என்ற வலையாகின்றன. பாணில் ஈஸ்ற் புளிக்கவைத்து அந்த வலையைக் காற்றால் ஊதிவிடுகிறது. கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிட்ட பாணுக்குள் நொதியங்கள் இலகுவாகப் புகுந்துவிடும். பாஸ்தாவில் நடப்பது நேர்மாறு. துரம் என்ற கடினக் கோதுமையின் ரவையை இறுகப் பிசைந்து, அச்சில் அழுத்தி, உலர்த்தி எடுக்கிறார்கள். மாமணிகள் அந்தப் புரத வலைக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. கொதிநீரில் போட்டாலும் வலை முழுதாகக் குலைவதில்லை. குடலில் அது மெல்ல மெல்லத்தான் அவிழ்கிறது. நடுவில் கொஞ்சம் பல்லுக்குத் தட்டுப்படும் பதத்தில் இறக்கினால் இன்னும் மெதுவாகும். குழையக் குழைய அவித்தால் அந்த நன்மையில் ஒரு பங்கு போய்விடும். இத்தாலியர்கள் இந்த வலையின் விஷயத்தில் விளையாடுவதில்லை. காய்ந்த பாஸ்தா என்று விற்பதைத் துரம் கோதுமையில்தான் செய்யவேண்டும் என்று 1967 இல் 580 ஆம் இலக்கச் சட்டமே போட்டார்கள்.

இனி எங்கள் குசினிக்கு வருவோம். இடியப்பம் என்றால் அரிசிமா என்றுதான் மற்ற ஊர்க்காரர் நினைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் வெள்ளை இடியப்பம் பல வீடுகளில் கோதுமை மாவில்தான் பிழியப்படுகிறது. பிட்டுக்கும் அரிசிமாவோடு அது கலக்கும். ஆனால் அதைப் பச்சையாகப் பாவிப்பதில்லை. மாவைச் சீலைத்துண்டில் கட்டி ஆவியில் அவித்து, கட்டி கட்டியாக இறுகியதைச் சூட்டோடு உதிர்த்து, அரிதட்டில் அரித்து, ஆறவைத்துப் போத்தலில் போட்டு வைப்பார்கள். இந்த அவித்த மாவில் கொதிநீர் ஊற்றிக் குழைத்தால் அது இழுபடாது. அரிசிமாவைப் போலச் சொன்னபடி கேட்கும். இடியப்ப உரலில் இலேசாக இறங்கும். பச்சைக் கோதுமை மாவைக் குழைத்து உரலில் போட்டுப் பிழிந்து பார்த்தவருக்கு ஏன் அவிக்கிறோம் என்று விளக்கத் தேவையில்லை. றப்பர் மாதிரி நின்று கையை முறிக்கும்.

அந்த றப்பர்தான் குளூட்டன். ஆவி பட்டதும் கோதுமைப் புரதம் உருக்குலைந்து, வலை பின்னும் வலுவை இழந்துவிடுகிறது. இத்தாலியர் சட்டம் போட்டுக் காப்பாற்றுகிற பொருளை நாங்கள் ஆவியில் வைத்துக் கொன்றுவிட்டுத்தான் சமையலையே தொடங்குகிறோம். இதைக் கண்டுபிடித்தவர்களின் கெட்டித்தனத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கோதுமையை அரிசியாக நடிக்கவைத்த பெண்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. புரத வேதியியல் படிக்காமலே அதன் முடிவைக் கையால் கண்டவர்கள் அவர்கள். ஆனால் உடம்பு கேட்கும் விலை வேறு. வலையில்லாத மா, கொதிநீரில் ஒருமுறை வெந்து, மெல்லிய இழையாகி, ஆவியில் மறுபடியும் வெந்து, சொதியில் ஊறி, பல்லுக்கு வேலையே வைக்காமல் தொண்டையில் இறங்குகிறது. அது சர்க்கரையாக அதிக நேரம் எடுக்காது. அரிசிமா இடியப்பத்துக்கும் ஏறக்குறைய இதே கதைதான். அரிசியில் குளூட்டன் அடியோடு கிடையாது. கோதுமையிலிருந்து இழை பிழியும் இரண்டு ஊர்களில், சலரோகக்காரருக்கு இணக்கமான இழை அவர்களுடையது.

"எங்கட சாப்பாடு" என்று நாம் மார்தட்டும் இந்த இடியப்பத்தின் கோதுமையும் எங்களுடையதல்ல. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. 1942 இல் பர்மா யப்பானியர் கையில் விழ, அரிசிக் கப்பல்கள் நின்றன. பங்கீட்டுக் கூப்பன் வந்தது. அரிசியின் இடத்தைக் கோதுமை மா பிடித்தது. பிறகு 1954 ஆம் ஆண்டின் பொதுச்சட்டம் 480 இன் கீழ் அமெரிக்கா தன் உபரி தானியத்தை உலகெங்கும் அனுப்பியது. அதில் இலங்கைக்கும் பங்கு வந்தது. யாழ்ப்பாணத்து முதியவர்கள் கோதுமை மாவை இன்றும் அமெரிக்கன் மா என்பது அந்தக் காலத்து மிச்சம். எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் வெங்காயமும் மிளகாயும் எங்கள் கமக்காரரைத் தலைநிமிரவைத்தன. அதே ஆண்டுகளில் சங்கக்கடைக்கும் பாணுக்கும் வரிசையில் நின்றவர்களும் நாங்கள்தான். 1977 இல் சிங்கப்பூர் நிறுவனமான பிறீமாவோடு அரசு ஒப்பந்தம் செய்தது. 1980 இல் திருகோணமலையில் அதன் ஆலை மா அரைக்கத் தொடங்கியது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் மா எப்போது கப்பலில் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்த நாட்களை இந்தக் குடாநாட்டில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. அவித்த மா பஞ்சத்தின் கண்டுபிடிப்பு. பஞ்சம் போனபின்னும் அது எங்கள் பெருமையாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

மாவை மட்டும் வைத்து வழக்கை முடித்துவிட்டால் அது அரைத் தீர்ப்பு. ஒருவரும் வெறும் பாஸ்தாவையோ வெறும் இடியப்பத்தையோ சாப்பிடுவதில்லை.

சிசிலித் தீவின் பலெர்மோ நகரம் இந்த விஷயத்தில் எங்களுக்கு இரண்டு விதத்தில் முக்கியம். 1154 இல் சிசிலி மன்னன் இரண்டாம் ரோஜருக்காகப் புவியியல் நூல் எழுதிய அல் இத்ரீசி, பலெர்மோவுக்குக் கிழக்கே திராபியா என்ற ஊரில் மாவிழைகள் செய்து கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்யப்படுவதைக் குறித்திருக்கிறார். காய்ந்த பாஸ்தாவைப் பற்றிக் கிடைக்கும் பழைய சான்றுகளில் அது முக்கியமானது. இரண்டாவது காரணம், எண்பதுகளில் இருந்தே ஈழத்தமிழர் குடியேறி வாழும் நகரம் அது. 1624 இன் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்ததாகக் கொண்டாடப்படும் புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு, பெல்லெகிரீனோ மலைமேல், எங்கள் கத்தோலிக்கரோடு சைவர்களும் ஏறிப்போகிறார்கள். மடுவுக்குப் போய்ப் பழகிய சனத்துக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

அந்த நகரத்தின் பெயர்போன உணவு சாளை மீன் பாஸ்தா. சாளை, காட்டுப் பெருஞ்சீரக இலை, வெங்காயம், முந்திரிகைவற்றல், பைன் விதை, குங்குமப்பூ, ஒலிவ் எண்ணெய். மேலே சீஸ் கிடையாது. வறுத்த பாண்தூள்தான். சீஸ் வாங்க வசதியில்லாதவர்களின் வழக்கம் அது. கணக்குப் பார்ப்போம். இத்தாலியில் ஒருவருக்கு ஒரு வேளைக்கு 80 கிராம் காய்ந்த பாஸ்தா என்பது நியமம். அதில் 285 கலோரி, 10 கிராம் புரதம். சாளை 100 கிராமில் 20 கிராம் புரதமும் 150 அளவில் கலோரியும் வரும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்கு 120 கலோரி. விதை, வற்றல், பாண்தூள் எல்லாம் சேர்த்து இன்னும் ஒரு நூறு. மொத்தம் 650 அளவில் கலோரி, 30 கிராமுக்கு மேல் புரதம். மீனோடு வரும் ஒமேகா 3 கொழுப்பும் விற்றமின் டியும் பி 12 உம் தனி. முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் கிடைக்கும்.

இப்போது எங்கள் தட்டு. 100 கிராம் அரிசிமாவின் இடியப்பம், 50 மில்லி கெட்டிப்பால் கலந்த சொதி, 30 கிராம் தேங்காய்ப்பூவில் இடித்த சம்பல். கலோரி 575 அளவில் வரும். சிசிலித் தட்டுக்குப் பெரிதாகக் குறைவில்லை. புரதம் 10 கிராமுக்குள்தான். தேங்காயின் கொழுப்பு பெரும்பாலும் நிரம்பிய கொழுப்பு. சம்பலில் நார்ச்சத்து 3 கிராமளவில் இருக்கிறது, அது நல்லது. ஆனால் பத்துப் பன்னிரண்டு இடியப்பத்துக்கு ஒரு கரண்டி சம்பல் என்ற எங்கள் விகிதத்தில் அந்த நன்மை கரைந்துவிடுகிறது.

சாளைக்கும் சூடைக்கும் எங்களுக்கா பஞ்சம்? குருநகரிலும் பாசையூரிலும் கரைக்கு வரும் மலிவான மீன் அது. பெரிய மீனுக்குக் காசு இல்லாதவர்களின் மீன் என்று அதை ஒதுக்கி, விளையும் பாரையும் தேடுகிறவர்கள், சத்துக்கணக்கில் கூடுதலான காசைக் கொடுத்துக் குறைவானதை வாங்குகிறார்கள். ஒலிவ் எண்ணெயும் கட்டாயமில்லை. எங்கள் செக்கு நல்லெண்ணெயில் நிரம்பிய கொழுப்பு ஒலிவ் எண்ணெயில் உள்ள அதே அளவுதான், நூற்றுக்கு 14. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக்கறியோடு நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்த வீடுகள், சந்தை மாறியதும் அதை விளக்குக்கும் தலைக்கும் ஒதுக்கிவிட்டன.

கொடியேற்றக் காலத்துக்கு மீன் சரிவராது. அதற்கும் இத்தாலியிலேயே வழி இருக்கிறது. தெற்கின் ஏழைக் குடும்பங்கள் பாஸ்தாவைக் கொண்டைக்கடலையோடும் அவரை விதையோடும் மைசூர்ப்பருப்போடும் சேர்த்துக் காய்ச்சிச் சாப்பிட்டே வளர்ந்தன. கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. கடலையிலும் பருப்பிலும் அது தாராளம். இரண்டும் ஒரே சட்டியில் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது. 80 கிராம் பாஸ்தாவுக்கு 50 கிராம் காய்ந்த கடலையை ஊறப்போட்டு அவித்துச் சேர்த்தால் புரதம் 20 கிராம் ஆகும். வேலியில் நிற்கும் முருங்கையில் இரண்டு நெட்டு இலை உருவிப் போடலாம். திருநெல்வேலிச் சந்தைத் தக்காளிப்பழமும் எங்கள் சின்ன வெங்காயமும் இந்தச் சட்டிக்குத் தாராளமாகப் போதும். சோற்றோடும் பருப்போடும் எங்கள் முன்னோர் செய்த அதே காரியம்தான் இது.

இங்கே உண்மையில் சமைக்கப்படும் பாஸ்தா இப்படி இருப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். பக்கற்றை முழுதாகக் கொட்டிக் குழைய அவித்து, சோஸ் போத்தலைக் கவிழ்த்து, சொசேஜ் வெட்டிப் போட்டு, மேலே பதப்படுத்திய சீஸை உருக்கி, சோற்றுக்குப் போடுகிற அளவிலேயே தட்டில் குவிக்கிறார்கள். சில கடைகளில் வெள்ளைச் சோஸ் பாஸ்தா என்று தருவது, மாவின் மேல் இன்னொரு மாவையும் பட்டரையும் ஊற்றிய பண்டம். இதைப் பார்த்து அம்மம்மா சக்கை என்றால் அவர் சொல்வது சரி. உப்பையும் மறக்கக்கூடாது. 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலியர் வாய்ப்பாடு. பெரும்பங்கு வடிநீரோடு போய்விடும் என்றாலும், ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் நிற்கச் சொல்லும் உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவை நினைத்தால் இந்த இடத்தில் இத்தாலியரைப் பின்பற்றத் தேவையில்லை.

சத்தை வைத்து மட்டும் யாழ்ப்பாணத்தில் ஓர் உணவைத் தெரிவுசெய்யச் சொன்னால் நான் கைகாட்டுவது இடியப்பத்தையல்ல, ஒடியற் கூழை. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா, அதுவும் தண்ணீரில் ஊறவைத்துக் கைப்பு வடித்தது, கூழைத் தடிப்பாக்க மட்டும்தான். மற்றதெல்லாம் மீன், நண்டு, இறால், கணவாய், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, பழப்புளி, செத்தல்மிளகாய். மா ஒரு மூலையில் நிற்க, மற்றவை சட்டியை நிறைக்கும். நல்ல பாஸ்தாத் தட்டின் இலக்கணமும் அதுவே. ஆனால் கூழ் எங்களுக்கு வருடத்தில் சில நாள் கூடிக் குடிக்கிற கொண்டாட்டமாகிவிட்டது. நாள்தோறும் சாப்பிடுவது அவித்த மாவை.

யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியராக இருந்த செ. சிவஞானசுந்தரம், நந்தி என்ற பெயரில் நாவல் எழுதிய அதே கையால் தாய்மாருக்கு உடல்நலம் பற்றியும் தமிழில் எழுதினார். எந்த உணவையும் எங்களுடையது, அந்நியம் என்று பிரித்துத் தீர்ப்புச் சொல்லாமல், வீட்டில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று பேசும் அந்த மாதிரி எழுத்து இப்போது அருகிவிட்டது. அதன் இடத்தில் தொலைபேசிக் காணொளிகள் வந்து, பாரம்பரியம் என்ற ஒரு சொல்லை ஒட்டியே எல்லாவற்றுக்கும் சத்துப் பட்டம் கொடுத்துவிடுகின்றன. இடியப்பத்துக்கும் அப்படியே கொடுத்தாயிற்று.

ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். பாஸ்தா வாங்கினால் துரம் கோதுமை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆளுக்கு 80 கிராம் நிறுத்துப் போட்டு, பல்லுக்குப் பதமாக இருக்கும்போதே இறக்குங்கள். சட்டியில் மாவைவிடக் கடலையோ சூடையோ இலைக்கறியோ கூட இருக்கட்டும். வீட்டில் சலரோகக்காரர் இருந்தால், மெல்லிய சாப்பாடு என்று சொல்லி அவித்த மா இடியப்பத்தை அவர் தட்டில் அடுக்காதீர்கள். வைத்துத்தான் ஆகவேண்டுமென்றால் ஐந்தோடு நிறுத்தி, பருப்பையும் வறையையும் இரட்டியுங்கள். ஒரு நாள் இடியப்பமும் இன்னொரு நாள் கடலை போட்ட பாஸ்தாவும் கொடுத்து, சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தின் பின் அவருடைய சர்க்கரையை அளந்து பாருங்கள். இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டுபோய் அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் காட்டுங்கள்.